போன்க்வான்: பூர்வீகம் அல்ல, வேரூர்

கொரியாவில் ஐந்து பேரில் ஒருவருக்குக் குடும்பப் பெயர் கிம். அதனால் கிம் என்று சொன்னால் மட்டும் போதாது. வயதில் மூத்தவர்கள் அடுத்து ஒரு கேள்வி கேட்பார்கள்: "உங்கள் போன்க்வான் எங்கே?" குலத்தை அடையாளம் காட்ட அதன் பெயரோடு சேர்த்துச் சொல்லும் ஊர்தான் போன்க்வான். எது என்று அல்ல, எங்கே என்றுதான் கேட்பார்கள். பதிலும் ஓர் ஊர்ப்பெயராகவே வரும்: கிம்ஹே கிம், கியோங்ஜு கிம், குவாங்சான் கிம். இன்றும் அந்நாட்டுக் குடும்ப உறவுச் சான்றிதழில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே 'போன்' என்று ஒரு கட்டம் உண்டு.

சொல் சீனத்திலிருந்து வந்தது. 'போன்' என்பதற்கான எழுத்தைப் பார்த்தாலே பொருள் தெரியும். மரத்தைக் குறிக்கும் எழுத்தின் அடியில் ஒரு சிறு கோடு, அதாவது வேர். 'க்வான்' முதலில் காசுகளைக் கோத்த சரம். பிறகு ஒருவர் எந்த ஊர்ப் பதிவில் சேர்ந்தவர் என்பதையும் குறித்தது.

இதைத் தமிழில் 'பூர்வீகம்' என்று எழுதிவிடத் தோன்றும். அங்கேதான் தவறு நேர்கிறது. வெளிநாட்டு மூதாதையரைச் சொல்லிக்கொள்ளும் குலங்களைப் பார்த்தால் அது புரியும்.

நம்மவர்களுக்குத் தெரிந்தது கிம்ஹே ஹோ குலம். அயுதா நாட்டு இளவரசி ஹோ ஹ்வாங்-ஓக் 16 வயதில், கி.பி. 48இல் கப்பலில் கொரியாவுக்கு வந்து, கிம்ஹேயில் ஆண்ட கிம் சூரோ மன்னரை மணந்தார் என்கிறது, துறவி இர்யோன் 1281 வாக்கில் தொகுத்த 'சம்குக் யூசா' என்னும் நூல். பிள்ளைகளில் இருவர் தாயின் பெயரான ஹோவை ஏற்றார்கள் என்பது குல மரபு. அதனால் கிம்ஹே கிம்மும் கிம்ஹே ஹோவும் உடன்பிறந்தார் முறை. ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுப்பதில்லை. அயுதா என்பது அயோத்தி என்று ஒரு சாரார், தமிழகக் கரை என்று இன்னொரு சாரார். நூலோ நிகழ்வுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. பெயரின் ஒலியை மட்டும் வைத்து ஊரை நிறுவ முடியாது என்றே நான் கருதுகிறேன், அது நம் கரையாக இருந்தாலும் சரி.

ஆனால் கவனியுங்கள், இந்தக் குலத்தின் போன்க்வான் அயுதா அல்ல, கிம்ஹே.

வியட்நாமின் லீ அரச மரபு 1225இல் ஆட்சியை இழந்தபின் கடல்வழி தப்பிவந்த இளவரசர் லீ லோங் துவோங்கைக் குலமுதல்வராகச் சொல்லும் குலத்தின் போன்க்வான் ஹ்வாசான். அந்த ஊர் இப்போது வடகொரியாவில் இருக்கிறது. மங்கோலிய இளவரசியோடு 13ஆம் நூற்றாண்டில் வந்த முஸ்லிம் ஒருவரின் வழியினர் தோக்சு சாங் குலத்தார், தோக்சுவும் கொரிய ஊர்தான். ஜப்பான் கொரியாமீது படையெடுத்த 1592 போரில் கொரியர் பக்கம் சேர்ந்த ஜப்பானிய வீரர் சயாகாவுக்கு அரசர் கிம் என்ற பெயரையே அளித்தார். அவர் வழியினரின் போன்க்வானும் கிம்ஹேதான்! சூரோவின் வழியினரோடு குழம்பாதிருக்க, 'அரசர் பெயரளித்த கிம்ஹே கிம்' என்று பிரித்துச் சொல்கிறார்கள். நம் காலத்திலும் இது தொடர்கிறது: அமெரிக்காவில் பிறந்து கொரியக் குடியுரிமை பெற்ற ராபர்ட் ஹாலி, புசானில் உள்ள யோங்தோவைப் போன்க்வானாகக் கொண்டு ஹா குலத்தைத் தொடங்கினார்.

ஆக, போன்க்வான் சொல்வது புறப்பட்ட இடத்தை அல்ல, வேர் பிடித்த இடத்தை. புறப்பட்ட கதை 'ஜோக்போ' என்னும் கால்வழி ஏட்டில் இருக்கும். கொரியாவை ஆண்ட ஜோசன் அரச மரபுக் காலத்தின் பிற்பகுதியில் அந்த ஏடுகள் விலைக்கும் வாங்கப்பட்டன. படிக்கும்போது அதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

'கோத்திரம்' என்றும் சொல்ல முடியாது. கோத்திரம் முனிவர் பெயரால் வருவது, போன்க்வான் ஊர்ப்பெயரால் வருவது. நெருங்கி வருவது நகரத்தாரின் 'கோவில்'. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஊரால் பெயர் பெற்ற ஒன்பது கோவில்கள். பொதுவாக ஒரே கோவிலுக்குள் மணம் இல்லை. கொரியாவிலும் ஒரே பெயர், ஒரே போன்க்வான் உள்ளவர்கள் மணக்கச் சட்டத்தடையே இருந்தது. 1997இல் அரசமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2005இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் 'கோவில்' என்று எழுதினால் படிப்பவர் வழிபாட்டை நினைப்பார்.

என் பரிந்துரை 'வேரூர்'. எழுத்தில் இருக்கும் வேரும் வருகிறது, ஊரும் வருகிறது. "ஹோ ஹ்வாங்-ஓக் வழியினரின் வேரூர் கிம்ஹே, அவர்கள் சொல்லும் பூர்வீகம் அயுதா" என்று எழுதினால் இரண்டும் தனித்தனியே நிற்கும்.