அலமாரிக்குப் பின்னால் ஒரு கேபிள்

ஜேஇஇ மெயின், கியூட், நெட் என்று எங்கள் பல்கலைக்கழக லேபில் கணினித் தேர்வு எது நடந்தாலும், மைய ஒருங்கிணைப்பாளர் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். வாசலில் மெட்டல் டிடெக்டர், உள்ளே போன் சிக்னலைத் தடுக்கும் ஜாமர், மூலைக்கு ஒரு கேமரா. பார்க்கிற பெற்றோருக்கு இங்கே ஈ கூட நுழைய முடியாது என்று தோன்றும். ஈ நுழையாது, சரி. கேபிள் நுழையும்.

ஒரு தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்தது இது. தேர்வுக் கணினிகள் மையத்துக்குள் இருக்கும் சர்வரோடு மட்டும்தான் தொடர்பு வைத்திருக்க வேண்டும். வெளி இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது. "எல்லாம் கட் பண்ணியாச்சு சார்" என்றார் லேப் உதவியாளர். பொய் சொல்கிற ஆள் இல்லை. இருந்தாலும் லேபின் நெட்வொர்க் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து எண்ணினேன். லேபில் 40 கணினிகள், சர்வருக்கு ஒரு இணைப்பு, ஆக 41 கேபிள் இருக்க வேண்டும். 42 இருந்தது.

மீண்டும் எண்ணினோம். அதே 42. லேபிள் ஒட்டாத சாம்பல் நிறக் கேபிள் ஒன்று. அதைக் கையில் பிடித்துக்கொண்டே போனால், இரும்பு அலமாரிக்குப் பின்னால் போய், ஏ.சி. பைப்புக்காக எப்போதோ போட்ட ஓட்டை வழியாகப் பக்கத்து ஸ்டாஃப் ரூமுக்குள் இறங்குகிறது. அங்கே மேஜைக்கடியில், ஒட்டடைக்கு நடுவே பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு குட்டி வைஃபை ரவுட்டர். அறையில் சிக்னல் வரவில்லை என்று சில வருஷங்களுக்கு முன் யாரோ மாட்டியது. மாட்டியவர் வேறு துறைக்கே போய்விட்டார்.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கெட்ட எண்ணம் உள்ள ஒருவர் தேடுவது இப்படி ஒரு வழியைத்தான். 2021 ஜேஇஇ மெயின் தேர்வில், ஹரியானாவின் சோனிபட்டில் இருந்த ஒரு மையத்தின் கணினிகளை வெளியில் இருந்தபடியே இயக்கி விடை எழுதினார்கள் என்பது சிபிஐ வைத்த குற்றச்சாட்டு. வாசலில் எத்தனை முறை தடவிப் பார்த்தாலும் அது அகப்படாது.

வாசலில் நாம் என்ன செய்கிறோம்? அரைஞாண் கயிற்றுக்கு டிடெக்டர் கத்துகிறது, பையன் கூனிக் குறுகி நிற்கிறான். பாட்டி கட்டிவிட்ட தாயத்தை அவிழ்க்கச் சொல்கிறோம். சோதனை வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே நேரத்தில் ஏ.சி. மெக்கானிக் ஒருவர் போனும் கையுமாகப் பின்கதவு வழியே லேபுக்குள் போய் வருவதை நானே பார்த்திருக்கிறேன். கேட்டால், "நம்ம ஆளுதான் சார்".

2024 ஜூன் 18-ஆம் தேதி தாளில் நடந்த யூஜிசி நெட் தேர்வை, முறைகேடு சந்தேகத்தில் மறுநாளே ரத்து செய்தார்கள். 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வு. பிறகு ஆகஸ்ட், செப்டம்பரில் அதைக் கணினியில் மறுபடி நடத்தினார்கள். அந்த ஜூன் 21-ஆம் தேதிதான் பொதுத் தேர்வு முறைகேடுகள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. மையப் பொறுப்பில் இருக்கிற ஒவ்வொருவரும் அதைப் படித்துவிட வேண்டும். கணினி நெட்வொர்க்கில் கைவைப்பது, இருக்கை ஒதுக்கீட்டில் விளையாடுவது எல்லாம் குற்றப் பட்டியலில் இருக்கின்றன. தண்டனை 3 முதல் 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். கும்பலாகத் திட்டமிட்டுச் செய்தால் இன்னும் கடுமை. தேர்வு எழுதும் பிள்ளைகள்மீது இந்தச் சட்டம் பாய்வதில்லை, அவர்களுக்குத் தேர்வு அமைப்பின் விதிகளே போதும் என்று விட்டிருக்கிறார்கள். நடத்துகிற நம் பக்கம்தான் அதன் பார்வை.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேர்வுத் தேதி தெரிந்ததுமே இ.பி. அலுவலகத்துக்குப் போய், அன்று மாதாந்திரப் பராமரிப்பு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாமல், லேப் முழுக்க ஓடவிட்டு அரைமணி நேரம் பாருங்கள். யூ.பி.எஸ். பேட்டரி காகிதத்தில் ஒரு மணி நேரம் தாங்கும். நிஜத்தில் எவ்வளவு தாங்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

கணினி நின்றுபோனால் பிள்ளைகள் படும் பாடு இருக்கிறதே! ஒருமுறை ஒரு பெண்ணுக்குத் திரை அப்படியே உறைந்துவிட்டது. கையைத் தூக்கக்கூடத் தோன்றாமல் மவுஸைத் தட்டிக்கொண்டே அழுதது. இதற்கென்றே தயாராக வைத்திருக்கும் உபரிக் கணினிக்கு, அதாவது பஃபர் சிஸ்டத்துக்கு, மாற்றி உட்கார வைத்தோம். குறித்த விடைகள் சர்வரில் பத்திரமாக இருந்தன, விட்ட இடத்திலிருந்து நேரம் ஓடத் தொடங்கியது. அதன் பிறகுதான் அந்தப் பெண் மூச்சே விட்டது. இதைத் தொடக்கத்திலேயே ஒரு நிமிஷம் எடுத்துச் சொல்லியிருந்தால் அந்த அழுகையே இருந்திருக்காது. இப்போதெல்லாம் கண்காணிப்பாளர்களை முதலில் சொல்ல வைப்பது இதைத்தான். அப்புறம், கூடுதல் நேரத்துக்குத் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்கு 20 நிமிடம் அதிகம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு அவர்களுக்கு நான்கு மணி நேரம். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போகும் சத்தத்தில் அவர்கள் தவிக்காதபடி இடம் ஒதுக்குங்கள்.

அந்தக் கேபிளுக்குப் பிறகு எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் வந்தது. உள்ளே போகக்கூடியவர்கள் பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கும். என் போன்தான் முதலில் பெட்டிக்குள் போகும். போன முறை துறைத்தலைவர், எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தார். வாட்ச்மேன் அண்ணன் நகரவில்லை.

"நான்தான்யா ஹெச்.ஓ.டி."

"தெரியும் சார். லிஸ்ட்ல பேரு இல்லையே."

சார் என்னைப் பார்த்தார். நான் பெட்டியில் கிடந்த என் போனைப் பார்த்தேன்.