‘லோ’ என்று வந்த ரிப்போர்ட்

வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்கு வரும் அம்மா ஒருவர், அன்று மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தார். பேச்சு குழறியது. என் விரலைப் பார்க்கச் சொல்லிப் பக்கவாட்டில் நகர்த்தினால் கண்கள் வெட்டி வெட்டித் துடித்தன. பக்கவாதமோ என்று வீட்டில் பயந்துபோயிருந்தார்கள்.

மகன் மாத்திரைப் பையைக் கொட்டியதும் விஷயம் புரிந்தது. வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறார். 300 மில்லிகிராமாக இருந்தது பத்து நாளாக 400. “ரத்தத்துல மருந்து கம்மின்னு ரிப்போர்ட் வந்துச்சு டாக்டர், அதான் கூட்டினாங்க.” ரிப்போர்ட்டில் 7. வழக்கமாக 10 முதல் 20 வரை இருக்க வேண்டும்.

ஃபெனிடாயினில் சுமார் 90 சதவீதம் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தின் மேல் ஏறித்தான் போகிறது. அல்புமினை பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி நடக்கும் மிச்சப் பத்து சதவீதம்தான் மூளைக்குள் நுழைந்து வேலை செய்யும். வழக்கமான டெஸ்ட் இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறது.

சிறுநீரக நோயில் பலருக்கு பஸ்ஸே குறைந்துவிடும். சிலருக்கு அல்புமின் சிறுநீரிலேயே ஒழுகிப் போகும். இருக்கிற பஸ்ஸிலும் இண்டாக்சில் சல்ஃபேட் போன்ற கழிவுகள் சீட்டைப் பிடித்துக்கொள்ளும். இவையும் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் டயாலிசிஸிலும் லேசில் வெளியேறாது. ஆக, இறங்கி நிற்கும் மருந்தின் பங்கு 20 சதவீதத்தைக்கூடத் தாண்டலாம். அப்படி இறங்கியதைக் கல்லீரல் சிதைத்துக்கொண்டே இருப்பதால் மொத்த அளவு சரியும்; வேலை செய்யும் அளவோ ஏறக்குறைய பழையபடியே நிற்கும். ரிப்போர்ட் மட்டும் ‘லோ’ என்று கத்தும்.

இந்த அம்மாவுக்கு அல்புமின் குறைவு, 2.5தான். அல்புமின் சரியாக இருந்திருந்தால் ரிப்போர்ட் எவ்வளவு காட்டியிருக்கும் என்று பார்க்க ஷைனர்–டோசர் கணக்கு ஒன்று உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அல்புமினை 0.1ஆல் பெருக்கி 0.1 கூட்ட வேண்டும்: 0.35. அதால் 7ஐ வகுத்தால் 20. தோராயக் கணக்குதான். ஆனாலும் டோஸைக் கூட்டும் முன்பே அவர் மேல் வரம்பைத் தொட்டிருக்கிறார். போதாக்குறைக்கு, கல்லீரல் சிதைக்கும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. அதை நெருங்கிவிட்டால் 100 மில்லிகிராம் கூட்டினாலே அளவு தாறுமாறாக ஏறிவிடும்.

டோஸைக் குறைத்தோம். ஒரு வாரத்தில் நடை சரியாயிற்று. (இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து.) பிணைக்கப்படாத மருந்தை மட்டும் அளக்கும் ‘ஃப்ரீ’ டெஸ்ட் கிடைக்கும் ஊரென்றால் அதைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், அதே ரத்தத்தில் அல்புமினையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டோஸைக் கூட்டியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கைக்குப் போன லேப் சீட்டில் டயாலிசிஸ் என்ற வார்த்தையே இல்லை. இப்போது அந்த மகன் ஃபைல் அட்டையிலேயே அதைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்.