ஜீப்புக்கு லொறி அச்சு: இரும்பை வெட்ட முன்னர் வண்டியின் பதிவுப் புத்தகத்தை (சீ.ஆர்.) திறந்து பாருங்கள்

பழைய லாண்ட் ரோவர் டிஃபென்டர் ஒன்றுக்குக் கீழே இராணுவ லொறியின் அச்சுகளைப் பூட்டி, பின் சில்லுகளும் திரும்புகிற மாதிரிச் செய்ய வேண்டும் என்று எங்கள் திருகோணமலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். வெருகல் மணலிலும் மழைக்காலச் சேற்றிலும் புதையாமல் ஓட வேண்டும் என்பது அவரது ஆசை. கொப்பியில் படமெல்லாம் கீறி வைத்திருந்தார். படம் நன்றாகவே இருந்தது. ஆனால் "வேலை முடியட்டும் அண்ணை, பேப்பர் அலுவலைப் பிறகு பார்ப்பம்" என்றாரே, அது பிழை. இந்த விளக்கத்தை அவருக்காகத்தான் எழுதத் தொடங்கினேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் கொட்டிலில் கிடந்த பழைய ஜீப்புகள் எல்லாம் கராஜுக்கு வந்தன, மாற்றங்களும் பெருகின. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ், பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அனுமதியில்லாமல் பூட்டிய உபரிப் பாகங்களைப் பொலிசார் கழற்றச் சொன்னது நினைவிருக்கும். ஒரு விளக்கையோ கம்பியையோ கழற்றிவிட்டுப் போகலாம். அச்சை வீதியோரத்தில் கழற்ற முடியாது.

சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். பிறகு பல தடவை திருத்தியிருக்கிறார்கள். அதன்படி ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் பதிவுபெற்ற உரிமையாளர் ஒருவர் இருக்க வேண்டும். "நான் வீதியில் ஓட மாட்டேன், வளவுக்குள்ளும் வயலுக்குள்ளும்தான்" என்று பலர் சொல்வார்கள். சட்டம் பயன்படுத்துவதை மட்டும் பேசவில்லை, வைத்திருப்பதையும் சேர்த்தே பேசுகிறது. பதிவில் உள்ளதற்கு மாறாக வாகனத்தை மாற்றுவதற்கு மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும்.

இனிச் சீ.ஆர். புத்தகத்துக்கு வருவோம். பதிவுச் சான்றிதழ் என்பது இதன் முறையான பெயர். உரிமையாளர் பெயரையும் இலக்கத்தையும் பார்த்துவிட்டு மடித்து வைப்பதுதான் எங்கள் பழக்கம். கீழே உள்ள கட்டங்களை ஒருமுறை வாசியுங்கள். செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், வாகன வகுப்பு, முன் பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம், பின்பக்க நீட்டம், பாடியின் வகை, வெற்று நிறை, மொத்த நிறை, முன் பின் டயர் அளவு, நீளம், அகலம், உயரம் எல்லாம் அங்கே இருக்கின்றன. 'அச்சு என்ன வகை' என்று கேட்கும் கட்டம் இல்லை. அதனால்தான் அச்சு மாற்றம் பதிவோடு சம்பந்தமில்லாத வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அச்சு மாறினால் வெற்று நிறை மாறும், டயர் மாறும், அகலமும் உயரமும் மாறும். வில்லுப் பூட்டும் இடத்தை நகர்த்தினால் அச்சுகளுக்கு இடையிலான தூரமும் மாறும். ஒரு பாகம் மாறியதில் ஐந்து கட்டங்கள் பொய்யாகிவிடும்.

கணக்காகவே பார்ப்போம். டிஃபென்டர் 110இன் அச்சுகளுக்கு இடையே 110 அங்குலம், அதாவது 2794 மில்லிமீற்றர். வழக்கமான 7.50-16 டயர் ஏறத்தாழ 32 அங்குல உயரம். டிஃப்ரன்சல் விகிதம், அதாவது சில்லு ஒருமுறை சுற்றக் கியர்ப் பெட்டியிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது, 3.54. இந்த வேலைக்கு உலகம் முழுக்கத் தேடுவது அமெரிக்க இராணுவத்தின் எம்35 லொறியில் இருந்த இரண்டரைத் தொன் ரொக்வெல் அச்சு. அதன் விகிதம் 6.72. அதற்கு 44 அங்குல டயர் போடுகிறீர்கள் என்று வையுங்கள். டயரால் மட்டும் வண்டி ஆறு அங்குலம் உயரும். வேகமானி கியர்ப் பெட்டிப் பக்கத்திலிருந்தே வேகத்தை எடுக்கும். ஆகவே அது 55 காட்டும்போது வண்டி உண்மையில் 40இல்தான் ஓடும். பழைய அச்சை வைத்துக்கொண்டு டயரை மட்டும் பெரிதாக்கினால் தலைகீழாகும்: 40 காட்டும், ஓடுவது 55. கந்தளாய் வீதியில் வேகம் பார்க்கும் பொலிசாரிடம் இதை விளங்கப்படுத்திக்கொண்டு நிற்க முடியாது. வேகமானியைச் சரிசெய்வதும் வேலையின் ஒரு பகுதி.

நிறையில் இன்னொரு பொறி உண்டு. சாரதி அனுமதிப்பத்திரத்தின் பி வகுப்பு, மொத்த நிறை (வண்டியும் அதில் ஏற்றக்கூடிய முழுப் பாரமும்) 3500 கிலோகிராம் வரைக்கும்தான். அதைத் தாண்டினால் இலகு லொறிக்குரிய சீ1 வகுப்பு வேண்டும். பாரமான அச்சும் இரும்புத் தட்டும் ஏற்றி மொத்த நிறையைத் திருத்திப் பதியும்போது அந்தக் கோட்டைத் தாண்டினீர்களானால், சொந்த ஜீப்பை ஓட்ட உங்களிடமுள்ள அனுமதிப்பத்திரம் போதாது. பதிவில் வண்டியின் வகுப்பு லொறி என்று மாறினால் வருடா வருடம் தகுதிச் சான்றிதழும் எடுக்க வேண்டிவரும்.

பின் ஸ்டியரிங் பற்றித்தான் தம்பியோடு அதிக நேரம் கதைத்தேன். இது புதிய எண்ணம் இல்லை. 2002 முதல் 2005 வரை அமெரிக்காவின் ஜி.எம். நிறுவனம் குவாட்ராஸ்டியர் என்ற பெயரில் தொழிற்சாலையிலேயே பூட்டி விற்றது. பின் சில்லுகள் 12 பாகை வரை திரும்பும். மெதுவாகப் போகும்போது முன் சில்லுகளுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி வளைவைச் சுருக்கும். வேகத்தில் முன்னோடு ஒரே பக்கமாகத் திரும்பி வண்டியை நிலைப்படுத்தும். அந்தத் தீர்மானத்தை எடுத்தது கணினி. கராஜில் நாம் செய்வது வேறு: முன்னச்சு ஒன்றைப் பின்னுக்குப் போட்டு, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோலிக் உருளை ஒன்றால் தள்ளி, தனிக் கைப்பிடியால் இயக்குவது. பாறைக்கு இடையில் ஐந்து கிலோமீற்றர் வேகத்தில் அது அருமையான ஏற்பாடு. அறுபதில் ஒரு குழாய் வெடித்து எண்ணெய் போனால், பின் சில்லு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே வீதிக்கு ஏறும்போது பின் சில்லுகளை நேராக வைத்து இரும்பு ஊசியால் பூட்டும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உருளை விட்டாலும் அந்த ஊசி விடக் கூடாது. பரிசோதகர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே காட்டுங்கள்.

பிரேக்கும் அப்படித்தான். சிலர் சில்லுகளில் பிரேக் பூட்டாமல், டிஃப்ரன்சலுக்குள் போகும் தண்டில் ஒரு தட்டை வைத்து அதையே பிடிக்கச் செய்கிறார்கள். இலகுவான வேலைதான். ஆனால் உள்ளே அச்சுத் தண்டு உடைந்தால் அந்தச் சில்லுக்குப் பிரேக்கே இல்லை. பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் வீதியில் ஓடப்போகிற வண்டிக்கு இதைச் செய்யவே வேண்டாம்.

எங்கள் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நிலாவெளி, உப்புவெளி, கிண்ணியா என்று எங்கே நிறுத்தினாலும் உப்புக் காற்று செசியைத் தின்னும். புதிய அச்சின் பாரத்தைத் தாங்கச் செசியைப் பலப்படுத்துகிறோம் என்று துருவைத் தேய்த்து, மேலே தட்டு வைத்து ஒட்டிவிடுவார்கள். அந்த இடத்தில் செசி இலக்கம் பொறித்திருந்தால் வண்டியின் அடையாளமே போய்விட்டது. இலக்கம் அழிந்த வண்டியைத் திருட்டு வண்டியாகவோ, பாகங்களாகக் கொண்டுவந்து கள்ளமாகப் பொருத்திய வண்டியாகவோதான் முதலில் சந்தேகிப்பார்கள். கிறைண்டரைக் கையில் எடுக்க முன் இலக்கம் எங்கே என்று தேடி, படம் எடுத்து, அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். வேலை செய்யும் பாஸுக்கு (மெக்கானிக்குக்கு) வாயால் சொன்னது போதாது.

அலுவலை இப்படித் தொடங்குங்கள். மாவட்டத்திலுள்ள மோட்டார் போக்குவரத்துக் காரியாலயத்துக்குப் போய், மோட்டார் வாகனப் பரிசோதகரைச் சந்தித்து, செய்யப்போகும் மாற்றத்தை அளவுகளோடு எழுத்தில் கொடுங்கள். திணைக்களத்தின் தலைமைக் காரியாலயம் நாரஹேன்பிட்டியில் என்பதால் கொழும்புப் பயணத்துக்கும் மனதைத் தயார்ப்படுத்துங்கள். சீ.ஆர். புத்தகம், அடையாள அட்டை, நடப்பு வருமான அனுமதிப்பத்திரம், அச்சு வாங்கிய பற்றுச்சீட்டு, இறக்குமதிப் பொருளானால் சுங்கப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே கோவையில் வையுங்கள். ஏலத்தில் எடுத்த அச்சென்றால் ஏலப் பத்திரத்தைத் தொலைக்க வேண்டாம். பொறியியலாளர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டிக் கையொப்பமிட்ட அறிக்கை வாங்கிவிடுங்கள். கேட்காவிட்டாலும் அது உதவும்.

லீசிங்கில் எடுத்த வண்டியானால் புத்தகத்தில் அந்தக் கம்பனியின் பெயரும் இருக்கும். அவர்கள் சம்மதமில்லாமல் தொடாதீர்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். மாற்றத்தை மறைத்த வண்டி விபத்தில் மாட்டினால், நட்டஈடு மறுப்பதற்கு அதுவே முதற் காரணமாகும்.

பின்பு, ஓடும் இடம். வனத் திணைக்களத்தின் ஒதுக்குக் காடுகளுக்குள்ளும் தேசியப் பூங்காக்களுக்குள்ளும் அனுமதியின்றிப் புகுந்தால் அது வேறு சட்டம், வேறு வழக்கு. பதிவு சரியாக இருப்பது அங்கே உதவாது.

தம்பி தன் கொப்பியில் புதிய பக்கம் ஒன்றைத் திருப்பி, இடப்பக்கம் சீ.ஆர். புத்தகத்தில் உள்ள அளவு, வலப்பக்கம் மாற்றிய பின் வரும் அளவு என்று கட்டம் போட்டிருக்கிறார். அகலம் மட்டும் இன்னும் நிரப்பவில்லை. சில்லைப் பூட்டி அளந்துவிட்டு, அந்தப் பக்கத்தோடு பரிசோதகரிடம் போவதாகச் சொன்னார்.