சிறுநீரகத்தில் வேலை செய்யும் மாத்திரை இதயத்தை ஏன் தொடுகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கத்து வீடுகளில் பெரியவர்களின் மருந்துப் பையில் ஹைட்ரோகுளோரோதையசைடு அடிக்கடி தென்படும். ரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கப்படும் நீர் மாத்திரை அது. அதன் வேலை சிறுநீரோடு முடிந்துவிடுவதாகவே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது மூளை வரை எட்டுகிறது.

மாத்திரை சிறுநீரகத்தில் உப்பைத் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. உப்போடு நீரும் வெளியேறுகிறது. ரத்தத்தின் அளவு சற்றே குறைகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதைக் கவனித்து, மூளைத்தண்டுக்கு அனுப்பும் சமிக்ஞைகளைக் குறைக்கின்றன. இதயத்துக்கு வேகஸ் நரம்பு கடிவாளம், பரிவு நரம்பு சாட்டை. மூளைத்தண்டு உடனே கடிவாளத்தைத் தளர்த்திச் சாட்டையை எடுக்கிறது.

உட்கார்ந்திருந்த ஆயா எழுந்து நிற்கும் கணத்தைப் பாருங்கள். அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. உடலில் நீர் ஏற்கெனவே குறைந்திருந்தால் நரம்புகள் ஈடுகொடுக்கத் திணறும். கண் இருட்டும், மணிக்கட்டில் நாடி விரையும். இங்கே கோடையான பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் வியர்வையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு வழியும் உண்டு. நீர் குறைந்ததும் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் கூடுகின்றன. முன்னது பரிவு நரம்பைத் தூண்டுகிறது. பின்னது அழுத்த உணரிகளின் கூர்மையை மழுங்கடிக்கிறது. அழுத்தத்தைக் குறைக்கத் தந்த மருந்தே அழுத்தத்தை ஏற்றும் நரம்பை எழுப்பிவிடுகிறது! அப்படியும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அழுத்தம் குறையவே செய்கிறது. ஆனால் எல்லா நீர் மாத்திரைகளையும் ஒன்றாகவே எண்ணுவது தவறு என்பேன்.

ஸ்பைரோனோலாக்டோனை எடுத்துக்கொள்வோம். இதுவும் நீர் மாத்திரைதான். ஆனால் ஆல்டோஸ்டிரோனையே மறிக்கிறது. ரத்த அழுத்த நோயாளிகளின் நரம்பில் நுண்ணிய ஊசி மின்முனை செருகி அளந்தபோது, ஹைட்ரோகுளோரோதையசைடைப் போலத் தையசைடு வகையைச் சேர்ந்த குளோர்தாலிடோன் பரிவு நரம்பின் துடிப்பைக் கூட்டியது, ஸ்பைரோனோலாக்டோன் கூட்டவில்லை. 1999-இல் வெளியான ஆய்வொன்றில், கடுமையான இதயச் செயலிழப்புள்ள 1,663 பேரில் வழக்கமான சிகிச்சையோடு இதையும் பெற்றவர்களிடையே இறப்பு 30 விழுக்காடு குறைந்தது. அந்த நன்மையில் நரம்புக்கும் பங்கிருக்கலாம். இதயச் செயலிழப்பில் இம்மருந்து துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தின் இயல்பான ஏற்ற இறக்கத்தை மேம்படுத்துவதை, அதாவது வேகஸின் பிடி திரும்புவதை, வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பொட்டாசியத்திலும் இவை எதிரெதிர். தையசைடு அதை வெளியேற்றும். மிகவும் குறைந்தால் துடிப்பின் லயம் தப்பும். ஸ்பைரோனோலாக்டோன் அதைத் தேக்கும். அளவு மீறினால் அதுவும் ஆபத்து, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் அதிகம். கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதை ஊறுகாயிலோ குழம்பிலோ சேர்க்க வேண்டாம்.