துரைக்குத்தான் டென்ஷனா?

வேலை டென்ஷன் என்றாலே அது பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு வரும் வியாதி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு, அதாவது மனேஜருக்கு, ஆயிரம் யோசனை, கொழும்பிலிருந்து கோல் மேல் கோல், எங்களுக்கென்ன, வேலை விட்டதும் கூடையை இறக்கிவைத்துவிட்டு லயத்து வீட்டுக்குப் போய்விடுவோம் என்று கொழுந்து பறிப்பவர்களே சொல்லக் கேட்கலாம். வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் விஞ்ஞானிகளும் ஏறக்குறைய இதையேதான் நம்பினார்கள்.

1958இல் அமெரிக்காவில் ஜோசப் பிரேடி என்ற ஆய்வாளர் குரங்குகளை ஜோடி ஜோடியாக உட்காரவைத்துச் செய்த ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். இரண்டுக்கும் ஒரே மின்னதிர்ச்சிதான், இரண்டுக்கும் நெம்புகோல் உண்டு, ஆனால் ஒன்றின் நெம்புகோல் மட்டுமே வேலை செய்யும், அதை நேரத்துக்கு அழுத்திக்கொண்டே இருந்தால் இரண்டும் தப்பிக்கும். பொறுப்பு முழுக்க அதன் தலையில், நம் ஊர்க் கணக்கில் அதுதான் துரைக் குரங்கு. புண் வந்ததும் துரைக் குரங்குகளின் குடலில்தான், சும்மா உட்கார்ந்திருந்த ஜோடிக்கு ஒன்றுமில்லை. முதலாளிகளுக்கு இந்தச் செய்தி இனித்திருக்கும்! ஆனால் சோதனையில் ஒரு ஓட்டை. எது துரை என்று சீட்டுக் குலுக்கிப் பார்க்கவில்லை, முன்னோட்டத்தில் வேகமாக அழுத்தியவற்றையே துரையாக்கியிருந்தார்கள். அவை முதலிலேயே பதற்றக்காரக் குரங்குகளாக இருந்திருக்கலாம்.

அப்புறம் ஜே வைஸ் என்பவர் அதே விஷயத்தை எலிகளை வைத்து, இந்த முறை குலுக்கல் போட்டு, செய்து பார்த்தார். முடிவு தலைகீழானது. அதிர்ச்சியை நிறுத்தத் தன் கையில் வழி இருந்த எலிக்குப் புண் குறைவு, அதே அளவு அதிர்ச்சியை ஒன்றும் செய்ய முடியாமல் வாங்கிய எலிக்குப் புண் அதிகம். இன்னொரு சோதனையில் அதிர்ச்சிக்கு முன் ஒரு ஒலி மட்டும் கொடுத்தார், அதற்கே புண் வெகுவாகக் குறைந்தது. அடி அதே அடிதான், எப்போது வரும் என்று தெரிந்தது மட்டுமே வித்தியாசம்.

ஏன் இப்படி? ஆபத்து என்று மூளை நினைத்த சில நொடிகளில், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினை விடுகின்றன, நெஞ்சு படபடக்கிறது. அதைவிட மெதுவாக, மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலமஸ் பக்கத்துச் சுரப்பியான பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரீனலுக்குச் சொல்ல, கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் வருகிறது. அது உச்சத்துக்கு ஏற இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி, அவசரமில்லாத வேலைகளை ஒத்திப்போடுவது அதன் பொறுப்பு. பிறகு அதுவே மூளைக்குத் திரும்பிப்போய் “சரி, போதும்” என்று சொல்லித் தன்னை நிறுத்திக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், ஆபத்துக்கு ஒரு முடிவு இருந்தால். எப்போது முடியும் என்றே தெரியாவிட்டால், வெறும் யோசனையே அதைத் தொடர்ந்து சுரக்கவைக்கும். மாதக்கணக்கில் அப்படி ஓடினால் தூக்கம் கெடும், பிரஷர் ஏறும், ஞாபகம் தடுமாறும்.

இனி ஒரு மழை நாளில், கொழுந்தை நிறுக்கும் இடமான கொழுந்து மடுவத்துக்கு வாருங்கள். காலையிலிருந்து இடுப்பில் நனையாமல் காக்கும் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக் கடியோடு பறித்த கொழுந்து தராசுக் கொக்கியில் தொங்குகிறது, முள் ஆடுகிறது, பறித்தவர் எட்டிப் பார்ப்பதற்குள் சாக்கு இறங்கிவிடுகிறது. ஈரத்துக்கு எவ்வளவு, சாக்குக்கு எவ்வளவு, முற்றல் இலைக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பது எழுதும்வரை தெரியாது. கழித்தது போக மிச்சம் முழுப்பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, எட்டுமா, பாதிச் சம்பளமான அரைப்பேர்தானா? ஜனவரியிலிருந்து மார்ச் வரையான வெயிலில் கொழுந்தே வராது, ஆனால் கேட்கும் கிலோ சில இடங்களில் அப்படியே நிற்கும். எவ்வளவு பாடுபட்டாலும் முடிவு கையில் இல்லை. ஒலி கிடைக்காத எலியின் நிலைமை இதுதான்.

1979இல் ரொபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் இதை மனிதர்களின் வேலைக்குப் பொருத்திச் சொன்னார்: வேலை கூடுவது மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை, வேலையும் கூடி முடிவெடுக்கும் உரிமையும் இல்லாதபோதுதான் கெடுக்கிறது. பிரித்தானிய அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வில், அடித்தட்டுப் பதவியிலிருந்த ஆண்கள் உச்சப் பதவிக்காரர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இதய நோயால் இறந்தார்கள். புகைபிடித்தலும் மற்றதும் அதில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. பின்னால் வந்த இரண்டாவது ஆய்வு, வேலையில் கட்டுப்பாடு இல்லாததை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டியது. துரைக்குத் தூக்கம் கெடுவதில்லை என்று சொல்லவரவில்லை, ஆனால் எந்த மலையில் எப்போது பறிப்பது என்பதை அவர் தீர்மானிக்கலாம். என்னைக் கேட்டால் மிக மோசமாக மாட்டிக்கொள்பவர்கள் சுப்பர்வைசர்கள்தான், மேலே டார்கெட், கீழே சண்டை, இரண்டையும் மாற்ற அதிகாரம் கிடையாது.

பெண்களுக்கு வேலை விட்ட பிறகும் ஒரு ஷிஃப்ட் இருக்கிறது. சுவீடனில் மரியான் ஃப்ராங்கன்ஹோய்சர் என்ற ஆய்வாளர் வொல்வோ நிறுவனத்து மனேஜர்களை ஆராய்ந்தபோது, மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஆண்களுக்கு அட்ரீனலினைப் போன்ற இன்னொரு டென்ஷன் ஹோர்மோனான நோர்அட்ரீனலின் இறங்கியது, பெண்களுக்கு ஏறியது. கார்க் கம்பனி மனேஜர் அம்மாவுக்கே அப்படி என்றால், பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளையின் பாடத்தையும் பார்க்கும் நம் அக்காமார் உடம்பு எப்போது இறங்கும்?

பதற்றம் ஏறும் நேரத்தில் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினால் மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு மெதுவாகும், நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போதே செய்யலாம். ஆனால் அது அந்தச் சில நிமிடங்களுக்குத்தான், கழிவைக் குறைக்காது. பயிற்சிப் பட்டறை வைத்து “மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இன்றைக்குக் கழிவு இத்தனை கிலோ, கேட்பது இத்தனை கிலோ என்று வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டிலேயே சொல்லுங்கள், தராசு முள்ளைப் பறித்தவர் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். டிஜிட்டல் தராசு வந்த இடத்திலும் இதேதான், எடை கண்ணுக்குத் தெரிந்தும் கழிவு தெரியாவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.