சலரோகக்காரருக்குச் சீனி கொடுங்கள்

சுண்டிக்குளம் பக்கம் வீதியோரத்தில் மோட்டார் சைக்கிளுக்கு அருகே சுருண்டு கிடந்த அறுபது வயதுக்காரர் ஒருவரைப் போன வாரம் கொண்டுவந்தார்கள். "நல்ல வெறி டொக்டர்" என்றார் தூக்கி வந்தவர். வாயில் மதுவின் மணமே இல்லை. சட்டையைப் பிழிந்தால் வியர்வை வடியும். குருதியில் சீனி 31 mg/dL, ஆபத்தான குறைவு. நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்து, தன் கமரா எங்கே என்று கேட்டார்.

இப்படி வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். வீட்டில் பேச ஆளில்லை. விடியற்காலையில் இரணைமடுக் குளக்கட்டுக்கோ முத்தையன்கட்டுக்கோ தனியே புறப்பட்டுவிடுகிறார்கள். தாராளமாகப் போங்கள். சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பறவைகளைப் பார்ப்பது உடம்புக்கும் மனதுக்கும் நல்லது. ஆனால் காலைச் சலரோகக் குளிசையைப் போட்டுவிட்டு, சாப்பாட்டைத் "திரும்பி வந்து பார்க்கலாம்" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு விரதத்தோடு போகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். இன்சுலினோ, கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளோ எடுப்பவர்கள், விரதத்துக்கு முன் கிளினிக்கில் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி இறங்கும் இந்த ஆபத்து மிகக் குறைவு.

எனக்குப் பொறுக்க முடியாதது வேறொன்று. அந்த அறுபது வயதுக்காரரை வழியில் கண்டவர்கள் நல்ல மனிதர்கள். பையிலிருந்த தேநீரைப் பருக்கியிருக்கிறார்கள். அது சீனி போடாத தேநீர். அப்போது அவருக்கு விழுங்கும் நினைவு இருந்திருக்கிறது. கடைக்காரர் ஒருவர் சோடாப் போத்தலைத் திறந்தபோது, பையில் குளிசைகளைக் கண்ட இன்னொருவர், "ஐயாவுக்குச் சலரோகம், இனிப்புக் கொடுக்காதீர்கள்" என்று தடுத்துவிட்டார்! உயிர் காக்கும் மருந்து கையெட்டும் தூரத்தில் இருந்தது.

சலரோகக்காரருக்குச் சீனி எப்போதும் நஞ்சு என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விடுங்கள். கூடிய சீனி ஆண்டுக்கணக்கில் கண்ணையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். குறைந்த சீனி அன்றைக்கே மூளையைக் கெடுத்துவிடும். வியர்வை, கைநடுக்கம், தடுமாறும் பேச்சு, காரணமில்லாத எரிச்சல் தெரிந்தால் சீனி கூடியதா குறைந்ததா என்று வீதியில் நின்று விவாதிக்க வேண்டாம், கொடுங்கள். கூடியிருந்தாலும் மூன்று தேக்கரண்டிச் சீனியால் அந்த நேரத்தில் பெரிய கேடு வராது. குறைந்திருந்து கொடுக்காமல் விட்டால் ஆளே போய்விடலாம். குருதி அழுத்தத்துக்கு அட்டெனலோல் போன்றவை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வையை நம்புங்கள்.

மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். சொக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சீனி சேர்வதைத் தாமதமாக்கும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

புறப்படுகிறவர்களே, சட்டைப் பையில் குளுக்கோஸ் தூள், சலரோகக்காரர் என்றும் குளிசையின் பெயரும் எழுதிய துண்டு, உணவுப் பொதி, நிறைந்த மின்னேற்றத்தோடு கைத்தொலைபேசி. எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று அயல் வீட்டில் சொல்லுங்கள். ரொறொன்ரோவில் தூங்கும் மகளால் உங்களைத் தேடி வர முடியாது. தலை சுற்றினால் உடனே வண்டியை நிறுத்துங்கள். மிதிவெடிப் பலகை உள்ள பக்கம் நிழலுக்காகக்கூட இறங்காதீர்கள்.

இன்னொன்று. கண் திறந்ததும் "சுகம், வீட்டுக்குப் போகிறேன்" என்று கட்டிலை விட்டு இறங்காதீர்கள். சீனியைக் குறைக்கும் அந்தக் குளிசைகள் உடம்பில் நெடுநேரம் வேலை செய்யும். ஏற்றிய சீனி சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். அன்றிரவு ஆஸ்பத்திரி விடுதியில் நில்லுங்கள், தாதியர் உங்கள் விரலில் குத்திப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.