மேம்படுத்திய பின் உறையும் கணினி: பழுது பார்ப்பதற்கு முன் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்ததையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறிய பழைய கணினிகள் பல, "மாற்றியதிலிருந்து அடிக்கடி உறைந்து நிற்கிறது" என்ற முறையீட்டுடன் என் மேசைக்கு வருகின்றன. குற்றம் புதிய இயங்குதளத்தின் மேல்தான் என்று உரிமையாளர் உறுதியாக நம்பி, அதை அழித்து மீண்டும் நிறுவியும் பார்த்திருப்பார். நான் முதலில் கேட்பது, கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் நகல் இருக்கிறதா என்பதைத்தான்.

இவ்வாறு கேட்பதற்குக் காரணம் உண்டு. மேம்படுத்தலின்போது பல ஜிபி அளவிலான கோப்புகள் புதிதாக எழுதப்படுகின்றன. பழைய இயங்குதளமும் 'விண்டோஸ்.ஓல்ட்' கோப்புறையில் அப்படியே வைக்கப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் தொடப்படாதிருந்த ஹார்ட் டிஸ்க் பகுதிகள் அப்போதுதான் பயன்பாட்டுக்கு வருவதால், ஏற்கெனவே நலிந்திருந்த வட்டின் குறை அன்றுதான் வெளிப்படுகிறது. சுட்டி நகர்ந்தும் எதைச் சொடுக்கினாலும் பதில் வராமல், வட்டின் விளக்கு மட்டும் விடாது எரிந்துகொண்டிருந்தால், என் ஐயம் முதலில் வட்டின் மீதே விழும். விண்டோஸ் தன் நிகழ்வுகளையும் பிழைகளையும் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரின் 'சிஸ்டம்' பதிவில் 7, 153 ஆகிய எண்களில் வட்டுப் பிழைகள் தொடர்ந்து பதிவாகியிருப்பதும், வட்டு தன் நலத்தைத் தானே கணித்துத் தரும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதானதால் மாற்றியமைக்கப்பட்ட செக்டர்களின் (வட்டின் சிறு சேமிப்புப் பகுதிகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதும் அந்த ஐயத்தை ஏறக்குறைய உறுதிப்படுத்திவிடும். 129 என்ற எண் மட்டும் காணப்பட்டால், தளர்ந்த கேபிளோ, வட்டு இணைப்பின் மின்சேமிப்பு அமைப்போகூடக் காரணமாக இருக்கலாம்.

இந்த நிலையில் பலர், வட்டின் பிழைகளைத் தேடித் திருத்தும் 'செக்டிஸ்க்' கட்டளையை முழுச் சோதனையாக ஓடவிடுகிறார்கள். நலிந்த வட்டை முதலிலிருந்து கடைசி வரை படிக்க வைக்கும் அந்த வேலை, அதன் மிச்ச உயிரையும் எடுத்துவிடக்கூடும். ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருந்த மாணவர் ஒருவர் இரவு அதைத் தொடங்கிவிட்டு உறங்கச் சென்றார். காலையில் அந்த வட்டை, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் கூட அடையாளம் காணவில்லை. அவர் முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. முதலில் நகல், பிறகுதான் சோதனை.

வட்டு நலமாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது, வன்பொருளை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களை. திரை மட்டும் நின்று ஒலி தொடர்ந்தால், விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். திரை மீண்டு வந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரே சந்தேகத்துக்குரியது. கணினியைத் தயாரித்த நிறுவனம் வெளியிட்ட டிரைவரை நிறுவிப் பார்ப்பது நல்லது. கேப்ஸ் லாக் விளக்குகூட மாறாதபடி முழுவதும் நின்றுபோனால், நினைவகச் சோதனையும் வெப்பநிலைச் சோதனையும் தேவை. அதன்பின் பதிவில் தெரியும் 41 என்ற எண்ணைப் பலர் காரணமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

விரைவாகத் தொடங்குவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கணினியை 'ஷட் டவுன்' செய்தாலும், இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் பழைய நிலை சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப ஏற்றப்படுகிறது; எனவே எந்த மாற்றத்தையும் சோதிக்க 'ரீஸ்டார்ட்' மட்டுமே பயன்படும். அடிப்படை டிரைவர்களோடு மட்டும் இயங்கும் சேஃப் மோடில் நாள் முழுதும் உறையாத கணினி, வழக்கமான முறையில் உறைந்தால், பின்னர் சேர்த்த மென்பொருளிலோ டிரைவரிலோதான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸை நீக்கிப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

பழைய பதிப்புக்கே திரும்ப விரும்புவோருக்கு இயல்பாகக் கிடைப்பது 10 நாள்கள் மட்டுமே, அதன்பின் விண்டோஸ்.ஓல்ட் அழிக்கப்பட்டுவிடும், இடம் போதவில்லை என்று நாமே அழித்தாலும் வழி அடைபடும். வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்கும் கணினியாக இருந்தால், பயாஸ் அமைப்புகளில் கை வைப்பதற்கு முன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் பூட்டப்பட்ட வட்டை என்னாலும் திறந்து தர இயலாது.